ஒத்திவைக்கப்படாத கூட்டம்

என்றும் என் அன்புக்குரிய அண்ணாச்சிக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் வார்டு கவுன்சிலர் என்று யாராவது இருக்கிறார்களா, தெருவிளக்கு எரியவில்லை என்று காலையிலேயே அவர் வீட்டு வாசலில் போய் நிற்க முடியுமா, எனக்குத் தெரியாது. இருந்தால், இந்நேரம் உங்களால் அவருக்குத் தூக்கம் போயிருக்கும்.

இங்கே கடையைத் திறந்துவிட்டார்கள். உங்கள் மகன்தான் கல்லாவில் உட்காருகிறான். நல்ல பிள்ளை. ஆனால் வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்கத் தெரியவில்லை. கேட்டதைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறான். எங்கள் குப்பத்துப் பெண்கள், "இன்னாடி இது, கோயில் உண்டியல்ல போட்டுட்டு வர்ற மாரி கீது" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, சட்டென்று கல்லாப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நாமிரண்டு பேரும் எப்படி அண்ணன் தங்கை ஆனோம் என்று இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. நீங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்த மாதா கோயில்காரர். நான் கடலோரக் குப்பத்தில் பிறந்து மீன்கூடை சுமந்தவள். நீங்கள் ஒரு கட்சி, நான் அதற்கு நேர் எதிர்க் கட்சி. ஒரே தேர்தலில் பக்கத்துப் பக்கத்து வார்டில் ஜெயித்து உள்ளே வந்தோம். மேடையில் நீங்கள் எங்கள் கட்சியைக் கிழிப்பீர்கள், நான் உங்கள் கட்சியைக் கிழிப்பேன். கீழே இறங்கியதும், "தங்கச்சி, தொண்டை கட்டிருக்கே, சுக்கு இருக்கு, கொண்டுபோ" என்பீர்கள். தெற்கத்திக் கடைக்காரர் எல்லாரையும் இந்த ஊர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நான் மட்டும் அதை நிஜ உறவாகவே எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. உங்களுக்கு மரியாதை செய்யக் கூடிய கூட்டத்தில் நான் மரியாதை கெட்டு நடந்துகொண்டேனாம். உங்கள் கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். எங்கள் கட்சிக்காரர்களும் சொல்கிறார்கள். வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் அந்த மீன் மார்க்கெட் கழிப்பறைதான், வேறென்ன.

விடியுமுன்பே ஏலத்துக்கு வந்து, மீனை எடுத்து, பலகை போட்டு உட்கார்ந்தால் எங்கள் பெண்கள் எழுந்திருக்க மத்தியானம் தாண்டிவிடும். ஆண்களுக்கு எந்தச் சுவரும் போதும். பெண்கள் எங்கே போவார்கள்? ஐஸ் கம்பெனிச் சுவருக்கும் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவில் ஒரு சந்து. அதற்குள் எப்போது போனாலும் ஏதாவது ஒரு லாரியின் கதவு திறக்கும். நானும் அங்கே உட்கார்ந்து விற்றவள்தானே, எனக்குத் தெரியாதா. என் சித்தி எல்லம்மாள் அடக்கி அடக்கி வைத்தே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள். "ஏம்மா இப்டி அடக்கி வைக்கிற, கிட்னி போயிடும்" என்று டாக்டரம்மா திட்டியபோது சித்தி சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "நீ ஒரு நாளு எங்கூட வந்து குந்து டாக்டரம்மா. அப்பால கேளு."

உங்கள் மனைவிதான் முதலில் கதவைத் திறந்தது. ஜெபராணி அண்ணி. கடைக்குப் பின்னால்தானே உங்கள் வீடு. வாயும் வயிறுமாக இருந்த ஒரு பெண் வந்து தயங்கித் தயங்கிக் கேட்க, அண்ணி கொல்லைப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அன்றைக்குத் திறந்த கதவை அவர் திரும்பச் சாத்தவே இல்லை. ஒருத்தி இருவராகி, மார்க்கெட்டே வர ஆரம்பித்தது. கடைசியில் உங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பி, தெருவில் வழிந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் உங்கள்மேல் உங்களிடமே புகார் கொடுக்க வந்தார்கள். கவுன்சிலர் வீட்டுச் சாக்கடை என்று அந்தத் தெருவில் எத்தனை நாள் பேசினார்கள்.

அப்போதுதான் நீங்கள் மண்டல அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தீர்கள். அங்கே என்ன சொன்னார்கள்? மார்க்கெட் உங்கள் வார்டு. ஆனால் விற்கிற பெண்கள் எல்லாரும் எங்கள் வார்டு. பயனாளிகள் எந்த வார்டோ அந்த வார்டு உறுப்பினர் கேட்க வேண்டும் என்று ஒரு அதிகாரி சொன்னார். இடம் எந்த வார்டோ அந்த வார்டு உறுப்பினர்தான் கேட்க வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். நீங்கள் மாடி ஏறி இறங்கி, மூச்சு வாங்க என்னிடம் வந்து நின்றீர்கள்.

"தங்கச்சி, மார்க்கெட்டு எனக்கு, மனுசங்க உனக்காம். வா, சேந்தே போவோம்."

சேர்ந்தே போனோம். அந்த அலுவலகத்தில் இரண்டு கட்சிக் கரைவேட்டியும் கரைப்புடவையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். இடம் பார்த்தபோது அதற்கும் ஒரு வில்லங்கம். மார்க்கெட் ஓரத்தில் மாநகராட்சிக்குச் சொந்தமான ஒரே காலி மனையில் எங்கள் கட்சிக் கொடிக்கம்பம் நின்றுகொண்டிருந்தது. நீங்கள் அதைத் தொட்டால் கலவரம். "இத நீதான் பாத்துக்கிடணும்" என்று நைசாக என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். வட்டச் செயலாளரிடம் நான் வாங்கிய ஏச்சு உங்களுக்கு முழுசாகத் தெரியாது. கொடியைத் தள்ளி நட்டதற்குக் கட்சியையே தள்ளி வைத்ததுபோலப் பேசினார். கேட்டுக்கொண்டேன். கம்பம் நகர்ந்தது.

அதற்கப்புறம் உங்களுடைய அந்த அழகான காரியம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்துதான் வருகிறது அண்ணாச்சி.

மாதாமாதம் மண்டலக் கூட்டம். எல்லா வார்டு உறுப்பினர்களும் உட்கார்ந்திருப்போம். அஜெண்டாவில் அச்சான ஒவ்வொரு பொருளின் எண்ணையும் வேகமாக வாசிப்பார்கள். அந்த வார்டு உறுப்பினர் எழுந்து "முன்மொழிகிறேன்" என்பார், இன்னொருவர் "வழிமொழிகிறேன்" என்பார், அடுத்தது. உறுப்பினர் அவையில் இல்லையென்றால் அந்தப் பொருள் ஒத்திவைப்பு. அவ்வளவுதான் சட்டம். நம் கழிப்பறை முதல்முறையாக அச்சில் வந்த அன்று, உங்கள் கட்சி சொத்துவரிக்காக வெளிநடப்பு செய்ய முடிவு பண்ணியிருந்தது. கோஷம் போட்டுக்கொண்டு எல்லாரும் எழுந்தார்கள். நீங்களும் எழுந்தீர்கள். நான் எதிர்வரிசையிலிருந்து கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். நீங்கள் பார்க்கவில்லை. நீங்கள் கதவைத் தாண்டியதுமே நம் பொருளை வாசித்துவிட்டார்கள். "உறுப்பினர் இல்லை, ஒத்திவைப்பு." நான் கை தூக்குவதற்குள் தலைவர் அடுத்த பொருளுக்கு, நாய் பிடிக்கும் வண்டிக்கு, போய்விட்டார்.

வெளியே ஓடி வந்து பார்த்தால், வராந்தாவில் கட்சிக்காரர்களோடு டீ குடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

"இன்னா அண்ணாச்சி, வெளிய வர்றதுக்கு முன்ன உள்ள இன்னா கீதுன்னு பாக்க மாட்டீங்களா? உங்க ஐட்டம் போயே போச்சு."

டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "கட்சி எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்கணும்லா தங்கச்சி" என்றீர்கள். அப்புறம், "இனி என்ன ஆனாலும் அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்றீர்கள். அதற்குப் பின் உங்களை நான் கூட்டத்தில் பார்த்த ஒவ்வொரு முறையும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தீர்கள்.

ஒத்திவைத்த பொருள் மறுபடி அச்சில் வருவது லேசா? மதிப்பீடு பழசாகிவிட்டது என்றார்கள். பொறியாளர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் இடத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அதற்குள் வியாபாரிகள் சங்கம் அந்த மனையில் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று மனுப் போட்டது. இதற்கிடையில் எந்த நேரமும் சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவித்துவிடுவார்கள் என்று பேச்சு. அறிவித்துவிட்டால் புது வேலை எதற்கும் உத்தரவு கொடுக்க முடியாது. தேர்தல் முடிந்து திரும்பி வந்து பார்த்தால் அந்த இடத்தில் இருசக்கர வண்டிகள்தான் நின்றுகொண்டிருக்கும். அதனால்தான் நீங்கள் அந்தக் கடைசி மாதம் அப்படி அலைந்தீர்கள். அலைந்து புது மதிப்பீட்டை வாங்கிவிட்டீர்கள். அடுத்த கூட்டத்தில் பொருள் வருகிறது என்று உறுதியான அன்று எனக்குப் போன் பண்ணி, "வந்திருச்சு தங்கச்சி" என்று மட்டும் சொன்னீர்கள்.

அந்த வாரத்திலேயே கடையில் அரிசி மூட்டை பிரித்துக்கொண்டிருந்தவர், அப்படியே அதன்மேல் சாய்ந்துவிட்டீர்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கு நானும் வந்தேன். எங்கள் பெண்கள் மார்க்கெட்டை மூடிவிட்டு வந்திருந்தார்கள். பாதிரியார் ஜெபம் பண்ணும்போது என்ன செய்வதென்று தெரியாமல் சித்தி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். சபைக்காரர்கள் தடுக்கப் போனார்கள். அண்ணிதான், "அழட்டும், விடுங்க" என்றார். அவர் மட்டும் அழவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மண்டலக் கூட்டம். இங்கேதான் வினை.

உறுப்பினர் யாராவது இறந்துபோனால் என்ன வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். இரங்கல் தீர்மானம் வாசிப்பார்கள். எல்லாரும் எழுந்து மௌனமாக நிற்பார்கள். மறைந்தவருக்கு மரியாதையாக அன்றைய கூட்டத்தையே ஒத்திவைத்துவிட்டுக் கலைந்து போவார்கள். காலையிலேயே நான் தலைவருக்குப் போன் போட்டேன். எங்கள் கட்சிக்காரர்தான். "தலைவரே, இன்னிக்கி ஒத்திவச்சா அண்ணாச்சி ஐட்டம் பூடும்" என்றேன். "அதுக்கு இன்னாம்மா பண்றது, மரபுன்னு ஒண்ணு கீதுல்ல" என்றார். அதிகாரியைக் கேட்டேன். அடுத்த மாதம் பார்க்கலாம் மேடம் என்றார். அடுத்த மாதம் ஏது?

உங்களுக்குச் செய்யும் மரியாதையே உங்கள் காரியத்தைக் கெடுக்கப் போகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? சொல்லக் கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் இல்லை.

கூட்டத்துக்குப் போனேன். உங்கள் நாற்காலியில் உங்கள் படத்தை வைத்து ரோஜா மாலை போட்டிருந்தார்கள். தேர்தல் நோட்டீசுக்கு எடுத்த படம், உங்களுக்குப் பிடிக்காத அந்தப் படம். தலைவர் இரங்கல் தீர்மானம் வாசித்தார். எல்லாரும் எழுந்தோம். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மௌனம் முடிந்தது. யாரும் உட்காரவில்லை, எப்படியும் கலையத்தான் போகிறோம் என்று. மேசைமேல் இருந்த போனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

"அன்னாருக்கு மரியாதை செலுத்தும் வகையில் இன்றைய கூட்டம்..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

நான் உட்கார்ந்துவிட்டேன் அண்ணாச்சி. அவ்வளவு பேரும் நிற்க, நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்தேன். திட்டம் எதுவும் போட்டுச் செய்யவில்லை. எழுந்து போனால் போய்விடும் என்று மட்டும் மனசில் இருந்தது.

"இன்னாம்மா, உடம்புக்கு இன்னா?" என்றார் தலைவர்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல தலைவரே. கூட்டத்த ஒத்திவைக்காதீங்க. அஜெண்டாவுல அண்ணாச்சியோட ஐட்டம் கீது. அத்த முடிச்சிட்டுப் போலாம்."

சலசலப்பு கிளம்பியது. எங்கள் கட்சி ஆட்களே என்னை முறைத்தார்கள். உங்கள் கட்சியின் குணசேகர் எழுப்பிய குரல் இருக்கிறதே, வாசலில் டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உங்களோடு பத்து வருசமாகக் கட்சி வேலை பார்த்தவர், உங்கள் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர். அவர் கோபத்தை நான் தப்புச் சொல்லவில்லை.

"உயிரோட இருந்தப்போதான் எங்க ஆளுக்கு மரியாதை குடுக்கல. செத்த பிறகும் ரெண்டு நிமிசம் நிக்க முடியலியா உனக்கு?"

"நின்னேனே அண்ணே, உங்களோடதான நின்னேன். நின்னுட்டு அப்டியே போய்ட்டா அந்த ஐட்டம் இன்னா ஆவும்? மின்ன ஒருவாட்டி எழுந்து போனதுக்கே அவரு எத்தினி நாளு பேஜாரானாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அரசியல் பண்ணாத தேசம்மா."

"எது அரசியலு? அந்தப் பொம்பளைங்களுக்கு நாளைக்கி காலைல எங்க போறதுன்னு கேக்கறது அரசியலா?"

நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன். என் வாய் உங்களுக்குத் தெரியும். குணசேகர் மேசையைத் தட்டினார். "அவங்க வூட்ல கேட்டியா நீ? அவரு சம்சாரம் சரின்னு சொல்லட்டும். நாங்க உக்கார்றோம். நீ சொல்லி உக்கார மாட்டோம்."

நான் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கழிப்பறையைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. சாவு வீட்டில் அதையா பேசுவது?

இப்போது எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, போனை எடுத்தேன். உங்கள் மகன் எடுத்தான். அம்மா ஜெபத்தில் இருக்கிறார்கள் என்றான். கொஞ்சம் கூப்பிடுப்பா என்றேன். ஸ்பீக்கரில் போட்டு மைக் பக்கத்தில் வைத்தேன். உங்கள் வீட்டில் பாட்டுப் பாடுவது அந்த ஹால் முழுக்கக் கேட்டது. அண்ணி சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்று அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. வேண்டாம் என்று சொன்னால் அதற்குமேல் நான் என்ன பேச முடியும்?

"யாரு, தேசம்மாவா? சொல்லு."

"அண்ணி, மீட்டிங்ல கீறேன். எல்லாரும் கேட்டுகினு கீறாங்க. அண்ணாச்சிக்காக எழுந்து நின்னோம். அவருக்கு மரியாதையா கூட்டத்த இத்தோட ஒத்திவைக்கலாம்ன்றாங்க. ஒத்திவச்சா மார்க்கெட் பொம்பளைங்களோட ஐட்டம் போயிரும் அண்ணி. நான் ஒத்திவைக்க வேணாம்ன்றேன். உன்னைக் கேக்காம பண்ணக் கூடாதுன்றாங்க. அது நாயந்தான். நீ இன்னா சொல்றே?"

பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாரும் இப்பம் நின்னுக்கிட்டா இருக்காவ?"

"ஆமா அண்ணி."

"நின்னது போதும். உக்காரச் சொல்லு. அவிய இதுக்காவத்தான் நடையா நடந்தாவ. வேலைய முடிச்சிட்டு எல்லாரையும் வீட்டுக்குப் போவச் சொல்லு." அப்புறம் ஒரு நொடி நிறுத்தி, "நான் வைக்கட்டுமா, ஜெபம் நடக்குது" என்றார்.

போன் நின்றது. குணசேகர் உங்கள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஒவ்வொருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள். பையில் போட்ட போனை வெளியே எடுத்து வைத்தார்கள்.

உங்கள் ஒரு பொருளை மட்டும் தனியாக எடுக்க முடியாது என்றார் அதிகாரி. வரிசைப்படிதான் போக வேண்டுமாம். சரி என்றேன். கால்வாய் தூர் வாருவது, தெருவிளக்கு மாற்றுவது, பூங்காவில் உடைந்த ஊஞ்சல், அங்கன்வாடிக்குத் தண்ணீர்த் தொட்டி, எர்ணாவூர்ப் பக்கம் இறங்கிப்போன சாலை. எப்போதும் போலத்தான். ஆனால் அன்றைக்கு யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. யாரும் நடுவில் எழுந்து போகவில்லை. மாலை போட்ட படம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் அப்படித்தான் இருக்கும்போல.

உங்கள் பொருள் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. எழுத்தர் வாசித்தார். முன்மொழிபவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் அச்சாகியிருந்தது. அதையும் வாசித்துவிட்டார் பாவம், பழக்கத்தில். வாசித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் முன்மொழிகிறேன்" என்றேன்.

"உங்க வார்டு இல்லையே மேடம்" என்றார் அதிகாரி.

"இடம் அண்ணாச்சி வார்டு சார். பொம்பளைங்க என் வார்டு. நீங்க சொன்ன கணக்குதான்."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையை ஆட்டினார். வழிமொழிய ஆள் வேண்டுமே. எங்கள் பக்கம் திரும்பினேன். எல்லாரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

"வழிமொழிகிறேன்" என்றார் குணசேகர். என் பக்கம் பார்க்கவில்லை. இன்று வரைக்கும் பார்க்கவில்லை.

நிறைவேறியது. யாரும் மேசையைத் தட்டவில்லை. அடுத்த பொருளை வாசித்தார்கள்.

அந்த வாரத்திலேயே வேலை உத்தரவை வாங்கினேன். அதிகாரிக்கு என்னைப் பார்த்தாலே தலைவலி வந்திருக்கும். வாங்கி நான்கைந்து நாள்கூட ஆகவில்லை, தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். எல்லா வேலையும் நின்றுபோனது. முன்பே உத்தரவு வாங்கிய நம் வேலை மட்டும் தப்பியது. வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். தோண்டிய பள்ளத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆனால் எனக்குக் கிடைத்த பேர் அப்படியே இருக்கிறது. எங்கள் கட்சியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். மரபை மீறியதற்கு விளக்கம் கேட்டார்கள். அடுத்த முறை எனக்குச் சீட்டு இல்லை என்று வட்டச் செயலாளர் நேராகவே சொல்லிவிட்டார். உங்கள் கட்சி வாட்ஸப்பில் என்னை, எழவு வீட்டில் ஆதாயம் பார்த்தவள் என்று போட்டிருக்கிறார்கள். படிக்கும்போது வயிறு எரிகிறது அண்ணாச்சி. போங்கடா என்று சொல்லிவிட்டுப் போகத்தான் ஆசை. ஆனால் ராத்திரியில் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த அவை முழுக்கச் சேர்ந்து ஒரு நாள் வேலையை நிறுத்தி உங்களுக்காகக் கலைந்து போயிருக்க வேண்டியது. அது உங்களுக்குச் சேர வேண்டிய மரியாதை. அதை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். உங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். நான் செய்தது சரியா? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நேற்று அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டை விட்டு வெளியே வரவே இல்லையே, வாங்க அண்ணி, பார்த்துவிட்டு வரலாம் என்றேன். சுவர் எழும்பிவிட்டது. கூரை இன்னும் போடவில்லை. அறை அறையாகத் தடுத்து, நிலை மட்டும் வைத்திருக்கிறார்கள். கொத்தனார்கள் டீக்குப் போயிருந்த நேரம். அண்ணி செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். வேண்டாம் அண்ணி, சிமெண்ட் என்றேன். கேட்கவில்லை. ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டே கடைசி அறைக்குள் போனார்.

அப்புறம் அழுகை கேட்டது.

உங்கள் வீட்டில் இன்னும் ஆள் ஓயவில்லை அண்ணாச்சி. ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள், சபைக்காரர்கள், கட்சிக்காரர்கள். யாராவது ஒருவர் எந்நேரமும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்து, அழுகிற எல்லாரையும் தேற்றிக்கொண்டிருந்த மனுசிக்கு, ஒதுங்கி உட்கார்ந்து அழ ஓர் இடம் கிடைக்கவில்லை. கூரையில்லாத அந்த அறையில் வாய்விட்டு அழுதார். உங்கள் பேரைச் சொல்லி அழுதார். அண்ணி உங்களைப் பேர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நான் உள்ளே போகவில்லை. வாசலில் போய், ரோட்டுப் பக்கம் பார்த்து நின்றுகொண்டேன். கொத்தனார்கள் டீ முடித்துத் திரும்பி வந்தார்கள்.

"கொஞ்ச நேரம் கழிச்சி வாங்கப்பா. உள்ள பொம்பள கீறாங்கோ."

பெரிய கொத்தனார் ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு கொடிக்கம்பத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மீன் விலை கூவிக்கொண்டிருந்தார்கள். யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. அண்ணி எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்.

வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு, கட்டடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அந்தச் சன்னல இன்னும் கொஞ்சம் மேல தூக்கி வைக்கச் சொல்லு தேசம்மா. வெளிய நின்னா உள்ள தெரியுது."

இன்று காலையிலேயே போய்ச் சன்னலைப் பெயர்க்கச் சொல்லிவிட்டேன். கொத்தனார் முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும். கட்டி முடித்ததும் வெளியே பூட்டைப் போட்டுச் சாவியோடு எவனாவது போய்விடுவது இந்த ஊர் வழக்கம். அதற்கு விடமாட்டேன். அந்தக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கும். பதவி இருக்கிற வரைக்கும் கவுன்சிலராகப் பார்த்துக்கொள்வேன். போன பிறகு மீன்கூடையோடு அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்வேன். உள்ளே போகிறவள் அவளாக வெளியே வரும்வரை அந்தக் கதவை யாரும் தட்ட விடமாட்டேன் அண்ணாச்சி.

எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தங்கச்சி,
தேசம்மா